குல்தா வீட்டு வாசல்

பொதுக்காலம் 12ஆம் வாரம், புதன்கிழமை மாலைத் திருப்பலி மறையுரை
வாசகங்கள்: 2 அரசர்கள் 22:8-13, 23:1-3, மத்தேயு 7:15-20



ஜூன் மாதத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், நனைந்த கொழுந்தை நிறுத்துப் போட்டு, வீட்டு வேலையும் பார்த்து, அதற்குப் பிறகும் மேல் கணக்கிலிருந்து குடை பிடித்து இறங்கி வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசி அனுப்பிவிடத்தான் நினைத்தேன். ஆனால் இன்றைய முதல் வாசகம், நம் பங்குமனையில் சில வாரங்களாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோசியா அரசரின் 18ஆவது ஆட்சியாண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 622 ஆண்டுகளுக்கு முன். எருசலேம் ஆலயத்தில் திருத்த வேலை நடக்கிறது. வாசல் காப்போர் மக்களிடம் சேர்த்த காணிக்கைப் பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் போகிறது. இந்த வேலைக்கு நடுவில்தான் தலைமைக் குரு இல்க்கியா, ஆலயத்துக்குள் திருச்சட்ட நூல் அகப்பட்டதென்று எழுத்தர் சாப்பான் கையில் கொடுக்கிறார். யாரும் அதைத் தேடிப் போகவில்லை. சுவருக்கு வேலை பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது. சாப்பான் அரசரிடம் போய் முதலில் எதைச் சொல்கிறார், கவனித்தீர்களா? பணக் கணக்கை. இவ்வளவு வந்தது, இன்னாரிடம் கொடுத்தாயிற்று. அதெல்லாம் முடிந்த பிறகு, குரு ஒரு நூலும் தந்தார் என்று போகிற போக்கில் சொல்கிறார். நம் பங்குச் சபைக் கூட்டமும் இதே ஒழுங்கில்தான் நடக்கும். அதனால் சாப்பான்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆலயத்துக்குள்ளேயே வேதநூல் காணாமல் போகுமா? யோசியாவின் பாட்டனார் மனாசே 55 ஆண்டு ஆட்சி செய்தவர். அந்தக் காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே வேறு தெய்வங்களுக்குப் பீடங்கள் எழும்பின. நூலை யாரும் எரித்ததாக அங்கே எழுதியிருக்கவில்லை. எடுத்து வாசிக்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

நம்முடைய கதை இதைவிடச் சின்னது. அலுவலக அறையின் தகரம் ஒழுகுகிறதென்று அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கறுப்பாக, கையில் எடுத்தால் கனக்கிற ஒரு பெட்டி. பழைய காலத்து ஹாட் டிஸ்க், கொம்பியூட்டருக்கு வெளியே வைத்து வயரால் பொருத்துகிற வகை. மேலே வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, நீலப் பேனையால் ‘ஞானஸ்நானம், கலியாணம், இறப்பு, பாட்டு’ என்று எழுதியிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் நம் பழைய உபதேசியாருடையது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் காலமாகிவிட்டார். பதிவேடுகள் ஈரத்தில் ஒட்டிப்போய்க்கொண்டிருக்கின்றன என்று, இரவிரவாக இருந்து ஒவ்வொரு பெயராகக் கொம்பியூட்டரில் ஏற்றினாராம். அந்த வேலை எங்கே போனதென்று இத்தனை காலமும் ஒருவருக்கும் தெரியாது.

இளைஞர் மன்றப் பிள்ளைகள் அதைப் புது லெப்டொப்பில் செருகிப் பார்த்தார்கள். மூச்சே இல்லை. ஒருவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். இன்னொருவர், வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு எடப்டரைப் போட்டுப் பார்ப்போம் என்றார். நல்ல வேளையாக ஹட்டனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் முதலில் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

இந்தப் பழைய பெரிய டிஸ்க் ஓடுவதற்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி வயரில் வருவது 5 வோல்ட்தான். ஆகவே இதற்கென்று தனி எடப்டர் ஒன்று இருந்திருக்கும், அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர், பிளக்கில் எது பிளஸ் எது மைனஸ் எல்லாம் பார்த்துத்தான் வேறொன்றைப் போட வேண்டும். மாறிப் போட்டால் உள்ளே பலகை கருகிவிடும். உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். வாசிக்கிற முனை தட்டைத் தொடவே தொடாது. தலைமயிரின் தடிப்பை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கைவிடக் குறைந்த உயரத்தில், தட்டு சுற்றுகிற காற்றிலேயே மிதந்துகொண்டு வாசிக்கும். தொட்டால் சுரண்டிவிடும், அங்கே எழுதியிருந்தது போய்விடும். அதனால் ஆட்டாதீர்கள். டிக் டிக் என்று ஒரே சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், திரும்பத் திரும்பப் போடாதீர்கள். சுற்றத் தொடங்கிவிட்டால் எதையும் திறந்து பார்த்துக்கொண்டிராமல் முதலில் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். பழையதில் புதிதாக ஒரு எழுத்தும் எழுத வேண்டாம்.

   

எடப்டர் கிடைத்தது. ஸ்டோர் அறையில் துணி போட்டு மூடிக் கிடந்த பழைய கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் உபதேசியார் அதைச் சணல் நூலால் கட்டி வைத்திருந்தார். டிஸ்க் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தம்பி சொன்னபடி பிரதியும் எடுத்தாயிற்று. பிரதியைப் புது லெப்டொப்பில் திறந்தால், எல்லாம் இருக்கிறது, ஒன்றும் வாசிக்க முடியவில்லை! பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, அடைப்புக்குறி. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வைரஸ் பிடித்துவிட்டதென்று பிள்ளைகள் முகம் விழுந்துவிட்டது.

உங்களில் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது என்னவென்று விளங்கியிருக்கும். அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தான் தட்டினோம். கலியாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், பாட்டுத்தாள், எல்லாம் பாமினி. கொம்பியூட்டருக்குள்ளே உண்மையில் கிடப்பது ஆங்கில எழுத்துத்தான். பாமினி இருந்தால் அதற்குமேல் தமிழ் வடிவம் வந்து உட்காரும். இல்லாவிட்டால் குப்பை. இப்போது போனிலும் லெப்டொப்பிலும் நாம் எழுதுவது யூனிகோட், தமிழ் எழுத்துக்கென்றே தனி இலக்கம் உண்டு. பாமினியை இறக்கிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று தம்பி சொன்னார். மீதிப் பாதி பேஜ்மேக்கரில் செய்தது, அதைப் புது லெப்டொப் திறக்கவே இல்லை. ஆகவே ஸ்டோரிலிருந்து அந்தப் பழைய கொம்பியூட்டரையே தூக்கி வந்து, தூசி தட்டி, டிஸ்க்கை அதோடு பொருத்தினார்கள். திறந்தது. தமிழில் திறந்தது.

அதன் மூலையில் இருந்த திகதியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளே இருக்கிற சின்ன பற்றரி செத்துவிட்டால் கொம்பியூட்டர் தன்னுடைய பழைய திகதிக்கே திரும்பிவிடும். இது 2002 ஜனவரி 1 என்று காட்டியது. அதன் கணக்கில் சந்திரிகா அம்மையார் இன்னும் ஜனாதிபதி. சிரித்துவிட்டு யோசித்தேன். 2002 என்றால், நம் ஆட்களில் இலட்சக்கணக்கானோருக்கு இன்னும் நாடு இல்லை. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே குடியிருந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது.

அந்த அக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பிரித்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அதற்கு முன்னால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், கலியாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடமும் கலியாணமாகாதவர் முந்திய பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, கிடைத்தது ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு. லயத்துக் காம்பிராவில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே, எந்தத் தாளை வைத்து எதை நிரூபிப்பது? துரை எழுதியது செக்ரோல். பிறப்பு எழுதியவர் நம் பாஷை தெரியாதவர், காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். இன்றைக்கும் ஒரே ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர். அதைத் திருத்த நீங்கள் எத்தனை நாள் கூலியை விட்டு அலைந்திருப்பீர்கள். இப்படியான நேரத்தில் பல குடும்பத்துக்குக் கையில் இருந்த ஒரே தாள் கோயில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு.

ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும், பழையவற்றைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 535ஆம் எண்ணில் சொல்கிறது. குருக்கள் படிக்கிற காலத்தில் இதைச் சலிப்போடு மனப்பாடம் செய்வோம். மலையகத்தில் இது சலிப்பான சட்டம் இல்லை.

சரி, உபதேசியார் ஏற்றிய பட்டியலில் என்ன இருந்தது? பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், லயம், கணக்கு. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். பல பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: ‘இந்தியா’. பக்கம் பக்கமாக இந்தியா. ஹட்டன் ஸ்டேசனில் ஒரு கூட்டம் ரயிலுக்குள்ளேயும் ஒரு கூட்டம் வெளியேயும் நின்று அழுத அந்தக் காலத்தை உங்களில் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் திரும்பவும் அதே கொழுந்து.

பட்டியலைத் தமிழில் கண்டதும் வேலை முடிந்ததென்று நாங்கள் நினைத்தோம். யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதி கண்டி ஆயர் இல்லத்துக்கு, ஒரு பிரதி இங்கே, அவ்வளவுதான் என்று.

இங்கேதான் இன்றைய வாசகத்துக்குத் திரும்பி வருகிறேன். வாசகர் இப்போது படித்ததில் ஒரு இடைவெளி இருந்தது, உங்கள் காதில் பட்டதா? அரசர் உடையைக் கிழித்துக்கொண்டு, போய் ஆண்டவரிடம் கேளுங்கள் என்கிறார். அது 13ஆம் வசனம். அடுத்த வரியிலேயே அரசர் மூப்பர்களை எல்லாம் கூட்டுகிறார். அது 23ஆம் அதிகாரம். யாரிடம் போய்க் கேட்டார்கள், என்ன பதில் வந்தது? அந்தப் பகுதி, 14 முதல் 20 வரை, நம் வாசக நூலில் விடுபட்டிருக்கிறது. நேரம் கருதி விட்டிருப்பார்கள். ஆனால் விடுபட்டது ஒரு பெண்.

வீட்டுக்குப் போய் விவிலியத்தை எடுத்துப் பாருங்கள். தலைமைக் குரு இல்க்கியா, எழுத்தர் சாப்பான், இன்னும் மூன்று பெரிய மனிதர்கள், ஆக ஐந்து பேர் எருசலேமின் இரண்டாம் பகுதியில் குடியிருந்த குல்தா என்ற பெண் இறைவாக்கினரிடம் நடந்து போகிறார்கள். அவள் கணவர் ஆடைகளைக் காப்பவர். அந்தக் காலத்தில் எருசலேமில் இறைவாக்கினருக்குப் பஞ்சமில்லை. எரேமியாவே இருந்தார். யோசியாவின் 13ஆம் ஆண்டிலேயே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது, அதாவது ஐந்து வருடமாக அவர் இறைவாக்கினர். ஆனாலும் இந்த ஐந்து பேரும் குல்தா வீட்டு வாசலுக்குத்தான் போனார்கள். நூல் கையில் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் இருந்தார். கேட்டு உடை கிழித்த அரசர் இருந்தார். இவ்வளவு இருந்தும், இது எங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்க ஒரு பெண் வேண்டியிருந்தது.

அவர்கள் நடந்த வழியில்தான் நாங்களும் போக வேண்டி வந்தது, வேறு காரணத்தால். பட்டியலில் மரியாயிகள் குவிந்திருந்தார்கள். ஒரே பெயர், தகப்பனுக்கும் ஒரே பெயர், ஒரே லயம். எது எந்த மரியாயி? கொம்பியூட்டருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிள்ளைகள் அந்தத் தாள்களை அச்செடுத்துக்கொண்டு மேல் கணக்கில், கொழுந்தெடுத்து ஓய்ந்து வீட்டில் இருக்கிற ஒரு ஆத்தாவிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பிள்ளைகள் வாசிக்க வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

“அது கோணக்காலு மரியாயி. அவ மூத்தவ. சின்னவ பொறந்த வருசம்தான் அந்தப் பெரிய மண்சரிவு.”

“இது யாரு? ம்... கங்காணி வீட்டுப் புள்ள. அதுக்கு நாந்தான் தொட்டில் கட்டுனேன்.”

ஒரு குடும்பம் வந்தது. பையன் வாசித்தான்: தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள், குறிப்பு: இந்தியா. ஆத்தா கண்ணைத் திறந்தார்.

“இந்தியாவா? யாரு சொன்னா? அவங்க இந்தியாவுக்குப் போகல தம்பி. எழுவத்தேழு கலவரத்துல லயத்தக் கொளுத்துனப்ப ராவோட ராவா ஓடுனாங்க. வவுனியாப் பக்கம் போனாங்கன்னு கேள்வி.” கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “போனவங்க இருக்காங்களா செத்தாங்களான்னு கோயில்ல இருந்து ஒருத்தரும் தேடல சாமி.”

நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது யாரோ ஒரு பழைய பங்குக் குருவை மட்டுமல்ல. ‘இந்தியா’ என்ற ஒரு சொல்லைக் கட்டத்தில் தட்டிவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. போனவர் போய்விட்டார். 1977இலும் 1983இலும் மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய நம் குடும்பங்கள் எத்தனை. அங்கேயும் போர் வந்தது. அங்கே அவர்கள் ‘தோட்டக்காட்டார்’ என்று பேச்சும் வாங்கினார்கள். அவர்களுடைய ஞானஸ்நானம் இங்கே, வாழ்க்கை அங்கே, மரணம் எங்கே என்று நம் ஏட்டில் இல்லை. உபதேசியார் நேர்மையான மனிதர். தெரிந்ததை எழுதினார். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் ஆத்தாமாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குல்தா என்ன பதில் சொன்னாள் தெரியுமா? அரசர் அனுப்பிய ஆட்கள் என்று அவள் இனிப்பாகப் பேசவில்லை. நூலில் எழுதியிருக்கும் கேடு இந்த இடத்துக்கு வரத்தான் போகிறது என்று முதலில் சொன்னாள். அரசர் மனம் இளகி அழுதார் என்பதால் அவர் கண்ணுக்கு முன் வராது என்று பிறகு சொன்னாள். ஆறுதலைவிடக் கண்டிப்பு முன்னால் வந்தது. யோசியா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அவருடைய மகன் யோயாக்கிம் வேறு மாதிரி. எரேமியா சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை அவனுக்கு முன் வாசித்தார்கள். வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்து, குளிர் காய வைத்திருந்த கணப்பில் போட்டு எரித்தான். எரேமியாவின் 36ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரிக்காதேயும் என்று அவனைத் தடுத்தவர்களில் ஒருவர் சாப்பானின் மகன். நூல் கிடைத்ததைப் போகிற போக்கில் சொன்ன அந்தச் சாப்பான்தான், தன் வீட்டில் ஒரு பிள்ளையையாவது எழுத்தை மதிக்கப் பழக்கியிருக்கிறார்.

எழுதியதைக் காக்க யாராவது ஒருவர் வேண்டியிருப்பது வேதாகமக் காலத்தில் மட்டும் நடப்பதல்ல. 1966இலும் 1967இலும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, சந்திரனைச் சுற்றி ஐந்து விண்கலங்களை அனுப்பிப் படம் எடுத்தது. சந்திரனுக்குப் பக்கத்திலிருந்து நம் பூமியை எடுத்த முதல் படமும் அதில்தான். எல்லாம் பெரிய காந்தநாடாச் சுருள்களில் இருந்தன. பிறகு அந்த நாடாவை ஓட்டுகிற இயந்திரங்கள் வழக்கொழிந்தன. நாடாக்களை வீசிவிடாமல் காத்தவர் அங்கே ஆவணப் பொறுப்பில் இருந்த நான்சி எவன்ஸ் என்ற அம்மா. குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள அந்தப் பழைய இயந்திரங்களையும் பொறுப்பெடுத்துப் பல வருடம் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார். 2008இல், மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் அவற்றை வைத்துப் பழுதுபார்த்து, அந்தப் படத்தை முன்னைவிடத் தெளிவாக எடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் கடைசியில் ஒரு அம்மாவின் கொட்டகை தேவைப்பட்டது.

நமக்குள்ளும் அப்படி ஒருவர் இருந்தார். சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே சட்டம் வந்து அனுப்பிய மக்களின் உரிமையைப் பறித்தது. அவர் கவிதை எழுதினார், தொழிற்சங்கம் பார்த்தார், அதோடு லயங்களில் வழங்கிய பாட்டுகளைக் கேட்டுத் தொகுத்து நூலாக்கினார். தாலாட்டும் ஒப்பாரியும் யார் வாயில் இருந்தன? செக்ரோலில் பெயர் இருந்தும் சம்பளத்தைப் புருசன் கையில் வாங்கவிட்ட அந்தப் பெண்களின் வாயில். அவர் கேட்டிராவிட்டால் அதில் பாதி இன்றைக்கு இல்லை.

நம் காலத்துக்கு ஒரு வார்த்தை. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லாம் பதிவாகிறது என்று நினைக்கிறோம். அம்மாயி பாடினது வாட்ஸ்அப்பில் இருக்கும், போன் தண்ணீரில் விழுந்தால் அதோடு போகும். சேர்த்து வைப்பதோடு வேலை முடியாது. கொழுந்தைப் பறித்துச் சாக்கில் இறுக்கிக் கட்டி மலையிலேயே வைத்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இரவிலேயே சூடேறிச் சிவந்துவிடும். ஸ்டோருக்குப் போய்ப் பிரித்துப் பரப்பினால்தான் தேயிலை.

நற்செய்தியில் ஆண்டவர், கனியைக் கொண்டு மரத்தை அறியச் சொல்கிறார். பத்திரப்படுத்திய ஏட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெருநாளுக்கு வருகிறவர்களுக்குக் காட்டி, நம் கோயில் எவ்வளவு பழையது பாருங்கள் என்று சொல்வது கனியல்ல. யோசியா அந்த நூலை முத்தமிட்டு உள்ளே வைக்கவில்லை. பெரியவர் சிறியவர் எல்லோரையும் ஆலயத்துக்குக் கூட்டி, தாமே முழுவதையும் உரக்க வாசித்தார். மக்கள் எழுந்து நின்று உடன்படிக்கைக்கு இசைந்தார்கள்.

ஆகவே பங்குச் சபையோடு பேசி ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துப் பங்குகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியாயிற்று. ‘இந்தியா’ என்று குறித்த குடும்பங்களின் பெயரை நீலகிரிப் பக்கத்துக் கோயில்களுக்கும் அனுப்புகிறோம். அங்கிருந்து பேரப்பிள்ளைகள் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டு எழுதினால் இனி ‘ஏடு கிடைக்கவில்லை’ என்று பதில் போகாது. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில் இந்தப் பெயர்களை எல்லாம் பீடத்திலிருந்து வாசிப்போம். பூசை நீளும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பழைய கொம்பியூட்டரை அலுவலக அறையில் வைத்திருக்கிறோம், தகரமும் மாற்றியாயிற்று, ஒழுகாது. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிற பிறப்புச் சீட்டு, கலியாணப் படம், கடிதம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். படமெடுத்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டோம்.

வாலிபப் பிள்ளைகளுக்கு: கொம்பியூட்டர் தெரிந்த நீங்கள் போதுமான அளவு இருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது உங்கள் வீட்டு ஆத்தாவும் அம்மாயியும். மேல் கணக்கிலிருந்து இறங்க முடியாதவர்களுக்கு ஓட்டோ ஒழுங்கு செய்திருக்கிறது. தேத்தண்ணி இருக்கும். ஆத்தாமாரே, வாசிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிள்ளைகள் வாசிப்பார்கள். அது யார், எங்கே போனார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். நாங்கள் எழுதியிருப்பது பிழை என்றால், அன்றைக்கு என்னிடம் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.